ஒயினுக்கு மார்க் வந்த கதை

அமெரிக்க மதுக்கடைகளில் அலமாரி விளிம்பில், பாட்டிலுக்குக் கீழே ஒரு சிறிய அட்டை செருகியிருப்பார்கள். தோட்டத்தின் பெயர், திராட்சை வகை, விளைந்த ஆண்டு எல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். நடுவில் கொட்டை எழுத்தில் ஓர் எண்: 91, 94, 97. நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்கு. பல நாட்டு ஒயின்கள் வரிசை வரிசையாக நிற்கும் கடையில் எதை எடுப்பது என்று திகைத்து நிற்பவர், அந்த எண்ணையும் விலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒன்றைக் கூடையில் போட்டுக்கொண்டு போகிறார்.

அந்த எண் வாங்குகிறவரைக் காப்பாற்றுவதற்காகப் பிறந்தது. பிறந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் விற்கிறவர் கைக்குப் போய்விட்டது. இந்த இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அதன் கதை முழுமையாகும்.

மதிப்பெண் வருவதற்கு முன்பு தரத்துக்கு அடையாளமாக இருந்தது விலை. 1855இல் பாரிஸில் உலகக் கண்காட்சி நடந்தது. மூன்றாம் நெப்போலியனின் ஆட்சிக்காலம். கண்காட்சியில் வைக்கப் போகும் போர்தோ ஒயின்களைத் தரவாரியாக வரிசைப்படுத்தித் தரும்படி அந்த ஊர் வர்த்தக சபை தரகர்களுக்கு ஏப்ரல் 5ஆம் தேதி கடிதம் எழுதியது. ஏப்ரல் 18ஆம் தேதி பட்டியல் தயார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. தரகர்கள் இதற்கென்று உட்கார்ந்து சுவைத்துப் பார்க்கவில்லை. எந்தத் தோட்டத்து ஒயின் பல பத்தாண்டுகளாக என்ன விலைக்குப் போய்க்கொண்டிருந்தது என்பது அவர்களுடைய கணக்குப் புத்தகங்களில் இருந்தது. அதை வைத்துச் சிவப்பு ஒயின்களை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். முதல் படியில் நான்கு தோட்டங்கள்: லஃபீத், லத்தூர், மார்கோ, ஓ-பிரியோன். அந்த முதல் படியில் பிறகு நடந்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான். 1973இல் மூத்தோன்-ரோத்ஷில்ட் இரண்டாம் படியிலிருந்து மேலே ஏறியது. அதற்கான ஆணையில் கையெழுத்துப் போட்டவர் அப்போது விவசாய அமைச்சராக இருந்த ழாக் சிராக்.

விலையை வைத்துத் தரம் சொன்னதை முட்டாள்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஐம்பது ஆண்டுகளாக ஒரு தோட்டத்து ஒயினுக்கு மற்றவற்றைவிட அதிகமாகக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றால், அத்தனை நாக்குகளும் சேர்ந்து சொன்ன தீர்ப்பு அது. ஆனால் அந்தப் பட்டியல் தோட்டத்தைப் பற்றிப் பேசுகிறது, பாட்டிலைப் பற்றிப் பேசுவதில்லை. அறுவடை நேரத்தில் மழை கொட்டினால் முதல் படித் தோட்டத்திலும் ஒயின் நீர்த்துத்தான் போகும். உரிமையாளர் கை மாறுவார், புதியவர் செலவைச் சுருக்குவார், பட்டியலில் இடம் மட்டும் மாறாது. சம்பளப் பணத்தில் மாதத்துக்கு இரண்டு பாட்டில் வாங்குகிறவருக்கு இதனால் பயனில்லை. இந்த ஆண்டு விளைந்த இந்த பாட்டில் இந்த விலைக்குத் தகுமா என்பதுதான் அவருடைய கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் நூறு ஆண்டுக்கு மேல் ஓடியது.

எண்ணைக் கொண்டுவந்தவர்கள் கலிபோர்னியாவின் விஞ்ஞானிகள். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அது முடிந்தபோது அந்நாட்டு ஒயின் தொழில் சீரழிந்து கிடந்தது. தேர்ந்த கைகள் வேறு வேலைக்குப் போய்விட்டன. பீப்பாய்கள் கெட்டுப்போயிருந்தன. சந்தைக்கு வந்த ஒயின்கள் பல புளித்துக் காடியாகிக்கொண்டிருந்தன. டேவிஸ் நகரில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மேனார்ட் அமரின் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும் இதைச் சரிசெய்ய இறங்கினார்கள். 1950களின் கடைசியில் அவர்கள் உருவாக்கியது 20 மதிப்பெண் அட்டவணை. தெளிவுக்கு 2, நிறத்துக்கு 2, மணத்துக்கு 4, காடி நெடி இல்லாமல் இருந்தால் 2, இப்படியே போய்க் கடைசியில் மொத்தத் தரத்துக்கு 2.

இந்த அட்டவணை குறை கண்டுபிடிப்பதற்காகச் செய்யப்பட்டது. தயாரிப்பாளருக்கு எங்கே தவறு நடந்தது என்று சொல்ல அது அருமையான கருவி. கெட்டுப்போகாத எல்லா ஒயினும் 15க்கும் 18க்கும் நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் என்பது அதன் பலவீனம். நல்ல ஒயினையும் மகத்தான ஒயினையும் பிரித்துக் காட்ட அதில் இடமில்லை.

1976 மே 24ஆம் தேதி பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி நடத்திய சுவைப்புப் போட்டியிலும் 20க்குத்தான் மார்க் போட்டார்கள். பெயரை மறைத்து ஊற்றிய ஒயின்களை ஒன்பது பிரெஞ்சு நடுவர்கள் சுவைத்தார்கள். வெள்ளையில் முதலிடம் கலிபோர்னியாவின் ஷாட்டோ மான்டலீனா, சிவப்பில் முதலிடம் அதே கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப். பெயரைப் பார்க்காமல் நாக்கை மட்டும் நம்பினால் தலைமுறை தலைமுறையாக வந்த வரிசை கலைந்துவிடும் என்பதை உலகம் அன்று கண்கூடாகப் பார்த்தது.

அப்போது மேரிலாந்து மாநிலத்தில் ராபர்ட் பார்க்கர் என்ற இளைஞர் பால்டிமோர் பண்ணைக் கடன் வங்கியில் வக்கீலாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1947இல் பிறந்தவர். வீட்டில் ஒயின் குடிக்கும் பழக்கம் கிடையாது. சாப்பாட்டோடு குளிர்பானம்தான். 1967இல், பின்னாளில் மனைவியாகப் போகும் பெட்ரிசியா பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்கில் படித்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்கப் போன இடத்தில் பார்க்கருக்கு ஒயின் பிடித்துப்போயிற்று. திரும்பி வந்து சட்டம் படித்தார், வேலைக்குச் சேர்ந்தார், சம்பளத்தில் முடிந்ததை எல்லாம் பாட்டிலாக்கினார். நண்பர்களோடு கூடிச் சுவைத்துக் குறிப்பு எழுதினார்.

அவருக்குக் கோபம் வந்தது பத்திரிகைகள் மேல். அந்தக் காலத்து ஒயின் எழுத்தாளர்களில் பலர் வியாபாரிகளின் செலவில் பயணம் போனார்கள், தோட்டக்காரர்களின் விருந்தில் உட்கார்ந்தார்கள். சிலருக்கு வியாபாரத்திலேயே தொடர்பிருந்தது. மோசமான ஒயினை மோசம் என்று எழுத யாருக்கு வாய் வரும்? அமெரிக்காவில் ரால்ஃப் நேடர் கார் கம்பெனிகளை எதிர்த்து நின்று நுகர்வோர் இயக்கத்தை வளர்த்திருந்த காலம் அது. காருக்கு ஒரு நேடர் இருக்கும்போது ஒயினுக்கு ஏன் இருக்கக் கூடாது என்று பார்க்கர் கேட்டுக்கொண்டார்.

1978இல் அவர் தொடங்கிய செய்திமடலின் பெயர் ‘பால்டிமோர்-வாஷிங்டன் ஒயின் அட்வகேட்’. அட்வகேட் என்றால் குடிப்பவருக்காக வாதாடுபவர். மதுக்கடைகளின் வாடிக்கையாளர் முகவரிகளை விலைக்கு வாங்கி முதல் இதழை இலவசமாக அனுப்பினார். அடுத்த இதழுக்குப் பணம் கட்டிச் சேர்ந்தவர்கள் 600 பேர் அளவுக்குத்தான். விளம்பரம் ஒன்றுகூடக் கிடையாது. படம் கிடையாது. பெயர், விலை, இரண்டு மூன்று வரிக் குறிப்பு, ஓர் எண். புகழ்பெற்ற தோட்டங்கள் சோடை போயிருந்தால் அதை முகத்துக்கு நேரே சொன்னார்.

அந்த எண்ணை அவரும் அவருடைய நண்பர் விக்டர் மார்கன்ராத்தும் சேர்ந்து யோசித்தார்கள். டேவிஸின் இருபது போதாது என்பது பார்க்கரின் எண்ணம். அமெரிக்கப் பள்ளிகளில் நூற்றுக்குத்தான் மார்க். தொண்ணூறுக்கு மேல் வாங்கினால் கெட்டிக்காரப் பிள்ளை, எண்பதுக்கு மேல் நல்ல பிள்ளை, எழுபதுகளில் சுமார் என்று எந்த அமெரிக்கருக்கும் விளக்கம் தேவையில்லை. நம் ஊரில் பிள்ளையின் மார்க் ஷீட்டை வாங்கும் அப்பா முதலில் மொத்தத்தைப் பார்ப்பதைப் போல, ஒயின் பற்றி ஒன்றும் தெரியாதவரும் அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டார். பார்க்கரின் வெற்றிக்கு முதல் காரணம் இதுதான் என்பேன்.

அவர் மார்க் போட்ட முறை இது. எந்த ஒயினுக்கும் 50 கையிருப்பாக உண்டு. மீதி ஐம்பதைத்தான் சம்பாதிக்க வேண்டும். நிறத்துக்கும் தோற்றத்துக்கும் 5. மணத்துக்கு 15. சுவைக்கும், விழுங்கிய பின் அது நிற்கும் நேரத்துக்கும் 20. மொத்தத் தரத்துக்கும், வைத்திருந்தால் மேலும் நன்றாகுமா என்பதற்கும் 10.

மேசையில் இது நடப்பதைப் பார்க்க வேண்டும். கிளாஸில் கால் பங்கு ஊற்றி, வெள்ளைத் துணிக்கு முன் சாய்த்துப் பிடிக்கிறார்கள். சிவப்பு ஒயினின் விளிம்பில் ஊதா மினுங்கினால் இளசு, செங்கல் நிறம் ஏறியிருந்தால் வயதானது. கிளாஸைச் சுழற்றிவிட்டு மூக்கை உள்ளே நுழைக்கிறார்கள். பழ வாசம் முதலில் வரும், பின்னால் ஓக் மரப் பீப்பாய் கொடுத்த வாசம் வரும். ஈர அட்டைப்பெட்டி வாடை அடித்தால் தக்கை கெட்டிருக்கிறது, அந்த பாட்டில் அப்போதே ஒதுக்கப்படும். பிறகு ஒரு வாய். உதட்டைக் குவித்துக் காற்றை உறிஞ்சி ஒயினை நாக்கு முழுவதும் புரட்டுகிறார்கள். புளிப்பில் வாய் ஊறுகிறது. துவர்ப்பு ஈறுகளைப் பிடித்து இழுக்கிறது. இனிப்பும் சாராயத்தின் சூடும் தனித்தனியே தெரியக் கூடாது, ஒன்றாகக் கலந்திருக்க வேண்டும். துப்பிவிட்டு, வாயில் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று காத்திருக்கிறார்கள். சில நொடியில் காணாமல் போனால் சாதாரண ஒயின். வெகுநேரம் விலகாமல் நின்றால் பேனாவை எடுக்கிறவரின் முகமே மாறிவிடும்.

ஒரு நாளில் ஐம்பது, அறுபது, சில நாளில் நூறு ஒயின். துப்பாமல் யாராலும் இதைச் செய்ய முடியாது. துப்பினாலும் மாலைக்குள் பற்கள் கறுத்து, நாக்கு மரத்துப்போகும். ஆண்டுக்குப் பத்தாயிரம் ஒயின்களைச் சுவைப்பதாகப் பார்க்கர் சொல்லியிருக்கிறார். அவருடைய மூக்கைப் பத்து லட்சம் டாலருக்குக் காப்பீடு செய்திருந்தார்கள்.

அவரை உலகம் கவனித்தது 1983இல். போர்தோவில் ஒரு வழக்கம் உண்டு. இலையுதிர்காலத்தில் அறுவடையான திராட்சையின் ஒயினை, அடுத்த வசந்தத்தில், இன்னும் பீப்பாயில் ஊறிக்கொண்டிருக்கும்போதே சுவைத்துப் பார்த்து விலை பேசிவிடுவார்கள். பாட்டில் கைக்கு வர இரண்டு ஆண்டாகும். பணம் இப்போதே கட்ட வேண்டும். அந்த வயதில் ஒயின் வாயைக் கட்டிப்போடும் துவர்ப்பு. இதற்குள் பத்து இருபது ஆண்டு கழித்து வரப் போகும் சுவை ஒளிந்திருக்கிறதா என்று சொல்வது வேறொரு திறமை. 1982 வெயில் நிறைந்த ஆண்டு. திராட்சை நன்றாகப் பழுத்துக் குவிந்தது. பீப்பாயிலேயே ஒயின் மென்மையாக, கனிந்து இருந்தது. அதுவே சிலருக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது. இவ்வளவு சீக்கிரம் இனிப்பது நீடிக்காது என்றார்கள். அப்போது அமெரிக்காவில் செல்வாக்கோடு இருந்த சான் பிரான்சிஸ்கோ விமர்சகர் ராபர்ட் ஃபினிகன் அந்தக் கட்சி. பார்க்கர் நேர் எதிர்க் கட்சி: இது தலைமுறைக்கு ஒரு முறை வரும் விளைச்சல், கையில் காசிருந்தால் வாங்குங்கள் என்று எழுதினார்.

டாலர் வலுவாகவும் பிராங்க் தளர்ந்தும் இருந்த நேரம். அமெரிக்கர்கள் வாங்கினார்கள். விலை ஏறியது, ஏறிக்கொண்டே போனது. 1982இன் பெரிய ஒயின்கள் பார்க்கர் சொன்னபடியே பல்லாண்டுகள் நின்று நிரூபித்தன. 1984இல் அவர் வங்கி வேலையை விட்டார். சந்தாதாரர்கள் பின்னாளில் ஐம்பதாயிரம் அளவுக்கு வளர்ந்தார்கள். ‘ஒயின் ஸ்பெக்டேட்டர்’ போன்ற பெரிய பத்திரிகைகளும் நூற்றுக்கு மார்க் போட ஆரம்பித்தன.

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. கடைக்காரர்கள் அந்த எண்ணைக் கத்தரித்து அலமாரியில் ஒட்டினார்கள். குறிப்பு போயிற்று, எண் மட்டும் நின்றது. அடுத்து போர்தோ தோட்டக்காரர்கள் பார்க்கரின் மார்க் வரும் வரை விலை சொல்லாமல் காத்திருக்கப் பழகினார்கள். நல்ல மார்க் வந்தால் விலை ஏறும். அதாவது, எது நல்ல சரக்கு என்று வாங்குகிறவருக்குக் காதில் சொன்ன அதே வாய், விற்கிறவருக்கும் சொல்லிக்கொடுத்தது.

அதன் மதிப்பைக் கணக்கிடும் வாய்ப்பு 2003இல் தானாக அமைந்தது. வழக்கமாக வசந்தத்தில் வரும் பார்க்கர், ஈராக் போர் நடந்த அந்த ஆண்டில் போர்தோவுக்கு வரவில்லை. தோட்டக்காரர்கள் அவர் மார்க் இல்லாமலே 2002 விளைச்சலுக்கு விலை நிர்ணயிக்க வேண்டியதாயிற்று. மூன்று பொருளியலாளர்கள் அந்த விலைகளை மற்ற ஆண்டு விலைகளோடு ஒப்பிட்டு, பார்க்கரின் மார்க்கால் மட்டும் ஏறும் விலை சராசரியாக பாட்டிலுக்கு 2.80 யூரோ என்று 2008இல் எழுதினார்கள். லட்சக்கணக்கான பாட்டில்களால் பெருக்கினால் அது சின்னத் தொகை இல்லை.

பணம் இருக்கும் இடத்தில் சரக்கும் மார்க்குக்கு ஏற்ப வளையும். பழுத்த, கறுத்த, கனத்த ஒயின்களைப் பார்க்கர் விரும்புகிறார் என்று ஊருக்கே தெரியும். திராட்சையைக் கொடியில் இன்னும் சில நாள் விட்டுப் பழுக்க வைப்பது, புதிய ஓக் பீப்பாயில் ஊறப்போடுவது என்று தோட்டங்கள் மாறின. கலிபோர்னியாவின் சோனோமாவில் எனாலஜிக்ஸ் என்ற நிறுவனம் ஒயினை ரசாயனப் பகுப்பாய்வு செய்து, விமர்சகர்கள் அதற்கு என்ன மார்க் போடுவார்கள் என்று முன்கூட்டியே சொல்லும் சேவையை விற்றது. சுவைஞர் ஒயினைத் தேடிப் போன காலம் மாறி, ஒயின் சுவைஞரைத் தேடி வரத் தொடங்கிவிட்டது. பார்க்கர் லஞ்சம் வாங்கினார் என்று எவரும் மெய்ப்பித்ததில்லை. அவருடைய நேர்மையை நான் நம்புகிறேன். கோளாறு, ஒற்றை நாக்குக்கு ஒரு தேசத்து விவசாயமே தலையாட்டியதில் இருக்கிறது.

நாக்குகள் எவ்வளவு வேறுபடும் என்பதற்கு போர்தோவின் ஷாட்டோ பாவி தோட்டத்து 2003 ஒயின் சாட்சி. ஐரோப்பாவை வெயில் வறுத்தெடுத்த ஆண்டு அது. 2004 வசந்தத்தில் பீப்பாய் மாதிரியைச் சுவைத்த இங்கிலாந்தின் ஜான்சிஸ் ராபின்சன் அதற்கு 20க்கு 12 போட்டார். போர்தோ ஒயினின் குணமே அதில் இல்லை என்பது அவர் கருத்து. பார்க்கர் நூற்றுக்கு 95க்குக் குறையாமல் கொடுத்திருந்தார். இருவரும் கைதேர்ந்தவர்கள். அட்லாண்டிக்கின் இரு கரையிலும் வாதம் மாதக்கணக்கில் ஓடியது. ஒருவர் சரி, ஒருவர் தவறு என்று அதை முடிக்க வழியில்லை. இரண்டு பேருக்கு இரண்டு விதமான அழகு பிடித்திருந்தது.

ஆனால் ஒரே ஆள் ஒரே ஒயினுக்கு இரண்டு மார்க் போட்டால்? ராபர்ட் ஹாட்ஜ்சன் புள்ளியியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர். வட கலிபோர்னியாவில் சிறிய ஒயின் ஆலை வைத்திருந்தவர். தன் ஒயின் ஒரு போட்டியில் தங்கம் வாங்குகிறது, அடுத்த போட்டியில் ஒன்றுமில்லாமல் திரும்புகிறது என்பது அவரை உறுத்திற்று. 2005 முதல் கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியில் ஒரு சோதனை வைத்தார். நடுவர் முன்னால் வரிசையாக வைக்கும் முப்பது கிளாஸ்களில் மூன்றில் ஒரே பாட்டிலின் ஒயின். நடுவருக்குச் சொல்லவில்லை. மூன்றுக்கும் ஒரே பதக்கத் தகுதிக்குள் மார்க் போட்டவர்கள் பத்தில் ஒருவர் அளவுக்குத்தான். பெரும்பாலோர் நான்கு மார்க் மேலும் கீழும் அலைந்தார்கள். ஓராண்டு நிலையாக இருந்தவர் மறு ஆண்டு தடுமாறினார். பிறகு அவர் பதின்மூன்று போட்டிகளின் முடிவுகளை அலசினார். மூன்றுக்கு மேற்பட்ட போட்டிகளுக்குப் போன 2,440 ஒயின்களில் 47 சதவீதம் எங்கோ ஓரிடத்தில் தங்கம் வாங்கியிருந்தன. அப்படித் தங்கம் வாங்கியவற்றில் 84 சதவீதம் வேறோர் இடத்தில் எந்தப் பரிசும் பெறவில்லை.

இதைப் படித்துவிட்டுச் சுவைப்பே பித்தலாட்டம் என்று சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காடியாகிப்போனதையும், நீர்த்ததையும், தக்கை கெட்டதையும் பயின்ற நாக்கு கண்டுபிடித்துவிடும். 80க்கும் 95க்கும் உள்ள வித்தியாசம் உண்மையானது. 91க்கும் 93க்கும் நடுவில்தான் மனித நாக்கின் எல்லை இருக்கிறது. பார்க்கரின் எண் அந்த எல்லையைக் காட்டாமல், தராசு முள் போலத் துல்லியமாக நின்றது.

விலையோ நாக்கையே மாற்றிவிடுகிறது. 2008இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட், கால்டெக் ஆராய்ச்சி ஒன்றில் 90 டாலர் ஒயினையே ஒரு தடவை 90 என்றும் ஒரு தடவை 10 என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்று கேட்டபோது குடித்தவர்களுக்கு அது அதிகம் பிடித்தது. மூளையில் இன்பத்தை உணரும் பகுதியும் அதற்கேற்ப அதிகமாக இயங்கியது ஸ்கேனில் தெரிந்தது. அதே ஆண்டு வந்த வேறோர் ஆய்வில், பெயரும் விலையும் தெரியாமல் நடந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சுவைப்புகளில், பயிற்சியில்லாதவர்களுக்கு விலை கூடிய ஒயின் கொஞ்சம் குறைவாகவே பிடித்திருந்தது. விலையை முதலில் கேட்காமல் சுவைத்து, பிறகு விலையை வைத்துத் தகுதி பார்ப்பது என்ற வரிசை அதனால்தான் முக்கியம்.

பார்க்கர் 2012இல் தன் செய்திமடலின் பெரும்பங்கைச் சிங்கப்பூர் முதலீட்டாளர்களுக்கு விற்றார். 2019இல் ஓய்வு பெற்றார். அந்த ஆண்டே மிஷலின் நிறுவனம் அந்தச் செய்திமடலை முழுவதுமாக வாங்கியது. நூறு மார்க் முறை அப்படியே நடக்கிறது. போடுகிற ஆட்கள் பெருகிவிட்டார்கள், எண்களும் மேலே ஏறிவிட்டன. கடையில் 90 என்ற அட்டை தொங்கினால் பாட்டில் தானே நகரும். 89 என்றால் கடைக்காரர் அட்டையையே மாட்டுவதில்லை. சுவைத்தவர் நாளை மறுபடி சுவைத்தால் அந்த இரண்டும் இடம் மாறலாம் என்பதை ஹாட்ஜ்சன் காட்டிவிட்டார். அதைத் தெரிந்தவர்கள் 87, 88, 89 வாங்கிய ஒயின்களின் பட்டியலைத் தேடி எடுத்து, குறிப்பைப் படித்து, தங்கள் வாய்க்குப் பிடித்த மாதிரி எழுதியிருந்தால் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.